முதுகு திருப்பும் பயிற்சி

ஜனவரி 11

மல்யுத்தக் கூடத்தில் இன்றும் அடுப்பு புகைந்தது. பாயில் மல்லாந்து கிடந்தால் கண் எரிகிறது. நான் இன்று பெரும்பாலும் மல்லாந்துதான் கிடந்தேன், அதனால் நன்றாகவே தெரியும்.

ஆற்றங்கரை ஓட்டம், கயிறு ஏறுவது, தலையை ஊன்றிக் கழுத்தை வளைப்பது, மணல் பொம்மையைத் தூக்கி வீசுவது, எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. பொம்மையை வீசியபோது ஜோல்தோஷ் மாஸ்டர் தலையைக்கூட ஆட்டினார். அவர் தலையாட்டினால் அது மற்றவர்கள் கைதட்டுவதற்குச் சமம். அப்புறம் ஜோடி சேர்த்தார். எனக்கு வழக்கம் போல சல்கின். அவள் என்னைத் தூக்கிப் போட்டாள், மறுபடி போட்டாள், போட்டுக்கொண்டே இருந்தாள்.

"உன் வீச்சு எங்கம்மா போச்சு?" என்றார் மாஸ்டர்.

"முட்டி வலிக்குது மாஸ்டர்."

"பொம்மைய வீசும்போது வலிக்கலையா?"

முட்டிக்கு ஒன்றுமில்லை. அது கல்லு மாதிரி இருக்கிறது.

ஜனவரி 12

எழுதிப் பார்த்தாலாவது மண்டையில் ஏறுகிறதா பார்க்கலாம்.

என் வீச்சு இதுதான்: எதிராளியின் கையை என் கக்கத்தில் வாங்கிக்கொண்டு, சட்டென்று திரும்பி, முதுகை அவள் மார்போடு ஒட்டி, இடுப்பில் ஏற்றி முன்பக்கம் எறிவது. திரும்புவதில்தான் எல்லாம் இருக்கிறது. அரைகுறையாகத் திரும்பினால் அவள் என்னைக் கட்டிப்பிடித்து உட்கார வைத்துவிடுவாள். கல்யாணத்துக்கு முன்னால் சல்கினை இந்த வீச்சில் எத்தனை முறை பறக்க விட்டிருக்கிறேன்.

போன இலையுதிர் காலத்தில் அவள் தம்பி எர்மேக்கைக் கட்டிக்கொண்டேன். பேசி முடித்ததே அவள்தான். "பயிற்சிக்கு ஜோடி தேடி நான் ஏன் அலையணும், வீட்டோட ஒருத்தி கெடக்கட்டும்" என்று எங்கள் நாரின் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். அவள் கட்டிக்கொண்டு போன இடம் ஒத்துவராமல் அம்மா வீட்டுக்கே திரும்பி வந்தவள். ஆகவே இப்போது ஒரே கூரை. அதுவரை "அக்கா, நீ வா" என்று இருந்தவள் "அக்கா, நீங்க வாங்க" ஆனேன். காலையில் மாமியாருக்கும் அவளுக்கும் குனிந்து வணக்கம் சொல்ல வேண்டும். டீக் கிண்ணத்தை இரண்டு கையாலும் நீட்ட வேண்டும். அவள் பெயரை வாயால் சொல்லக் கூடாது. (இங்கே எழுதுகிறேன். யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?) அறையை விட்டுப் போகும்போது திரும்பாமல் பின்பக்கமாகவே நடந்து போக வேண்டும். புருஷன் வீட்டில் மூத்தவர்களுக்கு மருமகள் முதுகைக் காட்டுவது போல ஒரு மரியாதைக்கேடு எங்களில் கிடையாது. எனக்கு அதில் வருத்தமும் இல்லை. என் அம்மாவும் அப்படித்தான் இருந்தாள்.

ஆனால் காலுக்கு அது பழகிவிட்டது. பாயில் அவள் கையைப் பிடித்துத் திரும்பப் பார்க்கிறேன், குதிகால் நகர மாட்டேன் என்கிறது. இதை மாஸ்டரிடம் என்னவென்று சொல்வது?

ஜனவரி 16

பிப்ரவரி கடைசியில் தலைநகர் பிஷ்கேக்கில் தேசியத் தேர்வுப் போட்டி. எங்கள் ஊர்க் கூடத்திலிருந்து ஒரு எடைப் பிரிவுக்கு ஒருத்திதான் போகலாம். முன்பு நான் ஒரு பிரிவு கீழே இருந்தேன், பிரச்சினையே இல்லை. இந்த வீட்டு ஆட்டிறைச்சியும் வெண்ணெயும் என்னை அங்கே இருக்க விடவில்லை. பட்டினி கிடந்து பார்த்தேன், ஓட்டத்தில் மயங்கி விழுந்தேன். மாஸ்டர் முடியாது என்று சொல்லிவிட்டார். ஆக, ஐம்பத்தேழு கிலோவில் நானும் சல்கினும். பிப்ரவரி ஏழாம் தேதி எங்களுக்குள் மோதி, ஜெயித்தவள் போக வேண்டும்.

சாப்பிடும்போது எர்மேக்கிடம் சொன்னேன். பிஷ்கேக்குக்கு மினிபஸ் ஓட்டுகிறவன், எல்லாவற்றுக்கும் ஒரு சிரிப்பு வைத்திருப்பான். "நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கங்க, நான் வண்டிய எடுத்துட்டு ஓடிடறேன்" என்றான். சல்கின் சிரித்தாள். மாமியார் சிரிக்கவில்லை.

ஜனவரி 18

எண்ணெயில் பொரிக்கும் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தோம், நானும் மாமியாரும். அவர் கையை நிறுத்தாமல் சொன்னார்:

"அவளுக்கு முப்பத்தி நாலு முடிஞ்சுது. தோள்பட்ட ஒரு தடவ கழண்டுச்சு. இதுதான் கடைசின்னு அவளுக்கே தெரியும். உனக்கென்ன, இன்னும் எத்தன வருஷம் கெடக்கு."

அவ்வளவுதான். விட்டுக்கொடு என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் ஏதாவது வெடுக்கென்று பேசியிருப்பேன். இப்படி மெதுவாகச் சொல்லிவிட்டால் என்ன செய்வது?

எனக்கும் வேண்டும். ரொம்ப வேண்டும். நான் பிஷ்கேக் பாயில் இதுவரை முதல் சுற்றைத் தாண்டியதில்லை. தாண்டுகிற உடம்பு இப்போதுதான் வந்திருக்கிறது. அதை யாரிடம் சொல்ல?

ஜனவரி 19

விட்டுக்கொடுத்தால்தான் என்ன? குடியா முழுகிவிடும்?

ஜனவரி 22

உடை மாற்றும் அறையில் சல்கின் கதவைச் சாத்திவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன கெழவின்னு நெனச்சியா?"

"இல்லக்கா."

"பொம்மைய அந்த வீசு வீசற. என்னக் கண்டா மட்டும் டீ ஊத்த வந்தவ மாதிரி நிக்கற. நீ இப்பிடி நின்னா எனக்கு எங்கடி பயிற்சி? பிஷ்கேக்ல எவளாவது திரும்பி ஒரு வீச்சு வீசினா நான் என்ன பண்ணுவேன், மாலையா போடுவேன்?"

உண்மையைச் சொல்லிவிட்டேன். கால் திரும்பவில்லை, உங்களுக்கு முதுகைக் காட்ட உடம்பு மாட்டேன் என்கிறது என்று. அவள் என்னை முறைத்துப் பார்த்தாள். அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் மறுபடி கோபம் வந்துவிட்டது.

"சரி. கால வீட்ல கெடுத்தோம், வீட்லயே சரி பண்ணுவோம்."

ஜனவரி 23

வீட்டில் பயிற்சி தொடங்கியது. சல்கினின் கட்டளை: அவளுக்கு டீ ஊற்றும்போது நான் முதுகைக் காட்டி உட்கார வேண்டும், கிண்ணத்தைத் தோளுக்கு மேலே பின்பக்கமாக நீட்ட வேண்டும். அறையை விட்டுப் போகும்போது டக்கென்று திரும்பி, எல்லா மனிதர்களையும் போல வாசலைப் பார்த்து நடக்க வேண்டும்.

"இது என்னடி கூத்து?" என்றார் மாமியார்.

"பயிற்சிம்மா."

"சாப்பிடற எடத்துல என்னடி பயிற்சி?"

முதல் கிண்ணம் மெத்தை விரிப்பில் கொட்டியது. இரண்டாவது சல்கின் மடியில். எர்மேக் சிரித்துப் புரையேறி அம்மாவிடம் திட்டு வாங்கினான். எனக்குப் பிடரியெல்லாம் கூசியது. துணியில்லாமல் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

ஜனவரி 27

சல்லடை கேட்டு வந்த பக்கத்து வீட்டு கூல்ஜான் கதவைத் தட்டாமல் உள்ளே வந்துவிட்டாள். நான் நாத்தனாருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டீ நீட்டுவதைப் பார்த்தாள். சல்லடையை மறந்துவிட்டுப் போனாள். மாலைக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

மாமியார் அழுதுவிட்டார். "என் வீட்டு மருமகளுக்கு மரியாத தெரியாதுன்னு பேசறாங்க. நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு ரொட்டிக்கடைக்குப் போவேன்?"

"நான்தான் செய்யச் சொன்னேன்னு சொல்லு" என்றாள் சல்கின்.

"அத எவடி நம்புவா?"

எனக்கு மாமியாரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூக்கைச் சிந்திவிட்டு, "சாப்டியா?" என்று கேட்டார்.

ஜனவரி 30

திரும்பியது. குதிகால் திரும்பியது.

நினைக்கவே இல்லை, அவள் கை என் கக்கத்துக்குள் வந்தது, அடுத்து அவள் என் தலைக்கு மேலே போனாள். பாய் அதிர்ந்தது. மாஸ்டர் ஒன்றும் சொல்லாமல் போய் அடுப்பில் கரி போட்டார். சல்கின் மல்லாந்து கிடந்து புகையில் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, "இன்னொரு தடவ" என்றாள்.

பிப்ரவரி 5

விட்டுக்கொடுக்க மாட்டேன். எழுதிவிட்டேன், இனி மாற்ற முடியாது.

கூடத்திலிருந்து வண்டியில் வரும்போது எர்மேக்கிடம் கேட்டேன், நான் ஜெயித்தால் உன் அம்மா என்ன சொல்வார் என்று.

"கொஞ்ச நாள் உன்னோட பேச மாட்டாங்க. அக்கா ஜெயிச்சா கொஞ்ச நாள் நீ என்னோட பேச மாட்ட. எப்படியும் வீடு அமைதியா இருக்கும்."

கொஞ்ச தூரம் போனதும் சிரிக்காமல் சொன்னான்: "நீ நல்லா பண்ணு ஜிபார். எனக்காக யோசிக்காத." இதற்காகத்தான் இவனைக் கட்டிக்கொண்டேன் போலிருக்கிறது.

பிப்ரவரி 7

தோற்றேன்.

எப்படி என்று எழுதத்தான் வேண்டும். முதல் பாதியில் புள்ளிகள் சமம். இரண்டாம் பாதியில் அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், இரும்புப் பிடி, கழற்ற முடியவில்லை. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. நடுவர் அந்தப் பக்கம் நின்றார். நான் அவள் விரல் இரண்டைப் பற்றி முறுக்கினேன். விரலை முறுக்கக் கூடாது என்பது முதல் நாள் வந்த சின்னப் பெண்ணுக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் முறுக்கினேன். அவள் முனகினாள், பிடி விட்டது. உடனே அவள் கையைக் கக்கத்தில் வாங்கித் திரும்பினேன். குதிகால் தங்கமாகத் திரும்பியது.

அவள் அங்கே காத்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பி முடிப்பதற்குள் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள், புரட்டினாள், என் இரண்டு தோளும் பாயில். நடுவர் பாயைத் தட்டினார்.

மாமியார் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். நான் எழுந்தபோது என்னைப் பார்த்துக் கண்கலங்கிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் புரியவில்லை.

பிப்ரவரி 8

விரல் விஷயம் நெஞ்சில் குத்திக்கொண்டே இருக்கிறது. அவளிடம் சொல்லவில்லை. மோதல் வேகத்தில் பாய் மடிப்பில் மாட்டிக்கொண்டது என்று அவளாகவே நினைத்துக்கொண்டு துணி சுற்றியிருக்கிறாள்.

"நான் திரும்புவேன்னு எப்படிக்கா தெரிஞ்சுது?" என்று மட்டும் கேட்டேன்.

"எடது தோள் மொதல்ல எறங்குது. தெனமும் ஒன் முதுகப் பாத்துக்கிட்டு நான் என்ன சும்மாவா டீ குடிச்சேன்?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அப்புறம் நினைத்துப் பார்த்தேன். எத்தனை நாள், விட்டுக்கொடுக்கலாமா வேண்டாமா என்று நான் உட்கார்ந்து தவித்தேன்! பிஷ்கேக் போகும் அந்த இடம் என் கையில் இருந்த மாதிரி. அது என் கையிலேயே இல்லை. அவள் எடுத்துக்கொண்டாள்.

பிப்ரவரி 12

ரொட்டிக்கடையில் கூல்ஜான் என் கன்னத்தைத் தடவினாள். "தங்கம்டி நீ. நாங்க உன்ன தப்பா பேசிட்டோம். நாத்தனாருக்காக விட்டுக்குடுத்தியாமே."

யார் சொன்னது? மாமியார்தான். வீட்டுக்கு வந்து, நான் விடவில்லை அத்தை, நிஜமாகவே தோற்றேன் என்றேன்.

அவர் என் தலையைத் தடவினார். "தெரியும், தெரியும். நீ வெளிய சொல்ல மாட்ட. அதான் உன் கொணம்."

இன்னும் இரண்டு பேரிடம் மறுத்துப் பார்த்தேன். மறுக்க மறுக்க நான் இன்னும் நல்ல மருமகள் ஆகிக்கொண்டே போகிறேன்.

பிப்ரவரி 15

இதற்குத்தான் பயந்தேன். சல்கின் காதுக்குப் போய்விட்டது. கூடத்திலிருந்து திரும்பும் வழியில் கேட்டாள்.

"விட்டியா?"

"இல்லக்கா."

"அம்மா ஒங்கிட்ட ஏதோ பேசினாங்களாமே. பேசலயா?"

"பேசினாங்க. ஆனா நான் விடல."

"பேசினாங்கல்ல." அதற்கு மேல் அவள் காதில் எதுவும் ஏறவில்லை. "எடது தோள எனக்குத் தெரியற மாதிரி எறக்குனியோ என்னவோ. நானும் பெரிய கெட்டிக்காரின்னு நெனச்சுக்கிட்டேன்."

அவள் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதே இல்லை. தோள் கழன்ற அன்றுகூட இல்லை.

பிப்ரவரி 16

அவள் பயிற்சிக்கு வரவில்லை. மாஸ்டரிடம் போனில் சொல்லிவிட்டாளாம்: "ஜிபார் பேர எழுதிக்குங்க. பிச்சையா வந்தது எனக்கு வேணாம்."

மறுபடி மோதலாமா என்று மாஸ்டரிடம் கேட்டேன். "மோதி?" என்றார். சரிதான். நான் தோற்றால் மறுபடியும் விட்டாள் என்பாள். ஜெயித்தால், பார், அன்றைக்கு விட்டுத்தான் இருக்கிறாள் என்பாள். எந்தப் பக்கம் விழுந்தாலும் பொய்க்காரி நான்தான். அவள் வாழ்க்கையில் இனி ஒரு பிஷ்கேக் கிடையாது, அதையும் என் நல்ல பெயர் தின்னப் போகிறது. நான் கேட்காத நல்ல பெயர்.

மாமியாருக்கு எதுவும் தெரியாது. நாளைக்கு சல்கினுக்கு வழியனுப்பு விருந்து. ஆடு வந்துவிட்டது.

பிப்ரவரி 17

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

வீடு நிறைய ஆட்கள். தெருவின் பெரியவர் கலிய் தாத்தா வாசலுக்கு எதிரே மரியாதை இடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் வாசல் பக்கம், டீத் தண்ணீர் கொதிக்கும் சமோவாருக்குப் பக்கத்தில், மருமகள் உட்கார வேண்டிய இடத்தில். இறைச்சி பரிமாறியபோது மாமியார் எழுந்து வந்து தன் கையாலேயே நல்ல துண்டாக எடுத்து என் தட்டில் வைத்தார். "என் பொண்ணுக்காக இவ செஞ்சத நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்" என்றார். பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். சல்கின் தட்டைத் தள்ளி வைத்தாள்.

சாப்பிட்டு முடித்து, ஆசீர்வாதம் சொல்லக் கலிய் தாத்தா கைகளை ஏந்தினார். எல்லாரும் ஏந்தினோம்.

"கொஞ்சம் இருங்க தாத்தா. எனக்கு வேணாம் அது. நான் போக..." என்று சல்கின் ஆரம்பித்தாள்.

பெரியவர்கள் கை ஏந்தியிருக்கும்போது மருமகள் வாய் திறப்பதாவது. நான் திறந்தேன். எழுந்தே நின்றுவிட்டேன்.

"அக்கா, உங்க வெரல் ஏன் வீங்கியிருக்கு?"

அவளுக்கு விளங்கவில்லை. "பாய்ல மாட்டிக்கிச்சு. இப்ப என்னத்துக்கு அது?"

"மாட்டல. நான் முறுக்கினேன். நடுவர் அந்தப் பக்கம் நின்னாரு, அவருக்குத் தெரியாது. நீங்க பிடிய விடணும்னு ரெண்டு வெரலயும் பிடிச்சு முறுக்கினேன். தப்புன்னு தெரிஞ்சுதான் முறுக்கினேன். விட்டுக்குடுக்க வந்தவ வெரல முறுக்குவாளாக்கா?"

கூல்ஜான் வாய்க்குக் கொண்டுபோன ரொட்டி அப்படியே நின்றது. எர்மேக் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், காது சிவந்திருந்தது. சல்கின் துணியை மெதுவாக அவிழ்த்து விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீயா?"

"நான்தான்."

"வேணும்னே?"

"வேணும்னேதான். எனக்கு பிஷ்கேக் போகணும்னு இருந்துச்சு. உங்களத் தூக்கி எறியணும்னு இருந்துச்சு."

"கள்ளி" என்றாள். "அடி கள்ளி." முதலில் கோபம்தான். எழுந்து வந்து அடிப்பாள் என்று நினைத்தேன். அப்புறம் அவள் தோள் குலுங்கியது, சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை, இரண்டும்தான். வீங்கிய விரலைத் தூக்கிப் பிடித்து எல்லாருக்கும் காட்டினாள், பதக்கம் வாங்கியவள் காட்டுவது போல.

கலிய் தாத்தா கையை இறக்கவே இல்லை. என்னைக் கேட்டார்: "முறுக்கியும் நீதானம்மா தோத்த?"

"ஆமா தாத்தா. முறுக்கியும் தோத்தேன்."

"அப்ப இவ போகட்டும்" என்று சல்கினைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஆசீர்வாதத்தை முடித்தார். எல்லாரும் கைகளால் முகத்தைத் தடவிக்கொண்டோம். மாமியார் மட்டும் மகளின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 18

சல்கின் விடிந்ததும் கூடத்துக்கு வந்துவிட்டாள். விரலுக்குப் பட்டை போட்டுக்கொண்டு என்னைத் தூக்கித் தூக்கிப் போட்டாள். கொஞ்சம் அதிகமாகவே போட்டாள். நியாயம்தான்.

மாமியார் என்னோடு பேசவில்லை. கடைத்தெருவில் யாரும் என் கன்னத்தைத் தடவவில்லை.

பிப்ரவரி 24

பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால் எர்மேக்கிடம் சொல்லி என்னிடம் கேட்கிறார். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். மகள் விரலை முறுக்கியதற்குக் கோபமா, ஊர் முன்னால் அவர் பேச்சைப் பொய்யாக்கியதற்குக் கோபமா? இரண்டுக்குமே கோபப்பட அவருக்கு உரிமை இருக்கிறது. எனக்கு அழுகை வருகிறது, அதுவும் உண்மை.

மார்ச் 3

சல்கின் பிஷ்கேக்கிலிருந்து நேற்று எர்மேக் வண்டியில் வந்தாள். மூன்றாவது இடம். அரையிறுதியில் ஒரு புள்ளியில் தோற்றிருக்கிறாள், வெண்கலத்துக்கான மோதலில் ஓஷ் நகரத்துக்காரி ஒருத்தி அவளுக்கு முதுகைக் கொடுத்துத் திரும்ப, அப்படியே கட்டி உட்கார வைத்துவிட்டாளாம். வந்ததும் வராததுமாக, அடுத்த வருஷமும் மோதப் போகிறேன் என்று அறிவித்துவிட்டாள். முப்பத்தைந்து முடிந்த வயதில். கடைசி என்று சொன்னவர்கள் எல்லாம் எங்கே?

இன்று காலை அவள் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். நானும் மாமியாரும் மாவு பிசைந்துகொண்டிருந்தோம். இத்தனை நாள் கழித்து அவராகப் பேசினார்.

"அடுத்த வருஷம் நீங்க ரெண்டு பேரும் மறுபடி மோதுவீங்களா?"

"ஆமா அத்தை."

"நீ விட மாட்ட."

"மாட்டேன் அத்தை."

"வெரல முறுக்காத."

"முறுக்க மாட்டேன்."

கொஞ்ச நேரம் மாவை அடித்துப் பிசைந்தார். அப்புறம் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நான் பாக்க வர மாட்டேன். மொதல்லல்லாம் வந்தா அவளுக்கு மட்டும்தான் வேண்டிக்குவேன், சுலபமா இருந்துச்சு. இனிமே யாரு கீழ விழுந்தாலும் எனக்குப் பெத்த வயிறு பதறும்."

சரி அத்தை என்றேன்.